ஊர்ப் பூங்காவும் அந்நியச் செடிகளும்

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஒரு கிழமை கழிந்தபின், கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் எங்கு நடந்தாலும் காலடியில் ஒரு பச்சைத் துளிர் தென்படும். இரண்டு தடித்த வித்திலைகள். அவற்றின் நடுவே இறகு போற் பிரிந்த ஒரு சிற்றிலை. பார்வைக்கு மிக மென்மையானது. விரல் நுனியாற் பற்றி இழுத்தால் வேரோடு கையில் வந்துவிடும். அடுத்த ஆண்டு அதே செடியைப் பிடுங்க மண்வெட்டி வேண்டும். மூன்றாம் ஆண்டிற் கோடரியும் போதாது.

நேயர்களே, சீமைக்கருவேல் என வழங்கும் அந்த மரத்தைப் பற்றியும், அதனோடு சேர்த்து எண்ணவேண்டிய வேறு சில செடிகளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். எத்தாளையில் ஒரு சிறு பொது நிலத்தைப் பூங்காவாக்க முயன்றபோது நாங்கள் பட்டறிந்தவையே என் பேச்சுக்கு ஆதாரம். நான் தாவரவியல் பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி, தமிழும் வரலாறும் கற்பித்தவன். ஆயினும், ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவன் மதிலுக்கு வெளியே நடப்பது தன் பொறுப்பன்று என்று வாளாவிருந்துவிட முடிவதில்லை.

எங்கள் குடாநாடு ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். தென்னையும், மிளகாயும், வெங்காயமும், புகையிலையும் இந்த மணலில் விளைவதற்குக் காரணம், சில அடி ஆழத்திலேயே கிடைக்கும் நன்னீர். அந்த நன்னீர் மழை தருவது. உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. ஆகவே இங்கு எந்த மரம் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பது அழகுக்கலைஞர் ஆராயும் விடயமன்று. வீட்டுக் கிணற்றோடு சம்பந்தப்பட்ட விடயம்.

பாடசாலையை அடுத்துக் களப்புப் பக்கமாக ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. முன்னர் சிறுவர்கள் பந்தாடிய இடம். பிற்காலத்தில் அதன் முக்காற் பங்கு முட்பற்றையாயிற்று. மாணவன் ஒருவனின் பாதத்தில் தைத்த முள் உள்ளேயே முறிந்து சீழ் கட்டி, இரண்டு கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. அதன் பின்னரே ஊரவர் கூடினர். நிலத்தைத் துப்புரவு செய்து, நிழல் மரங்கள் நாட்டி, முதியோர் அமரவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு பூங்கா அமைப்பது என்று தீர்மானமாயிற்று.

முதல் வேலையாக நாங்கள் செய்தது பெரும் பிழை. பெக்கோ இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, இரண்டே நாளில் நிலம் முழுவதையும் வழித்தெடுத்தோம். ‘மெல்லச் செய்வோம்’ என்று சொன்ன ஒரு முதியவரின் பேச்சை நானும் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. நிலம் உள்ளங்கை போல் வெளித்தது. பார்த்தவர் எல்லோரும் பாராட்டினர். பின்னர் மாரி மழை வந்தது. அடுத்த பங்குனிக்குள் முன்னிருந்ததைக் காட்டிலும் நெருக்கமாக, முழங்கால் உயரத்துக்குச் சீமைக்கருவேற் கன்றுகள் எழுந்து நின்றன. இயந்திரம் வெட்டிய அடிக்கட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து கிளைகள் புதிதாகப் புறப்பட்டிருந்தன. அவற்றின் இடையே, அந்நிலத்தில் எஞ்சியிருந்த நாலைந்து ஆவரசுச் செடிகளையும் ஒரு விளாங்கன்றையும் காணவில்லை. அவற்றையும் சேர்த்தே வழித்திருந்தோம்.

இது ஏன் நிகழ்ந்தது என்பதை அறிய அந்த மரத்தின் வரலாற்றையும் இயல்பையும் சிறிது நோக்க வேண்டும். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியனவே அதன் தாயகம். 1877-ஆம் ஆண்டளவில், விறகுப் பஞ்சத்துக்குப் பரிகாரமாக அதன் விதைகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. இலங்கையில் 1950-களின் தொடக்கத்தில், அம்பாந்தோட்டைப் பகுதியின் உவர் நிலங்களைத் திருத்தவும் வெறுந்தரையை மூடவும் அதனை நாட்டினர். நோக்கம் நல்லதே. உவரிலும் வறட்சியிலும் வேறெதுவும் முளையாத இடத்தில் அது தழைத்தது. ஆனால் நாட்டிய இடத்தில் நிற்கவில்லை.

அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள பூந்தலைத் தேசியப் பூங்காவை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். வெகு தொலைவிலிருந்து கடல் கடந்து வரும் நீர்ப்பறவைகள் தங்கும் களப்புகளைக் கொண்டது. 1990-இல் இலங்கையின் முதலாவது இராம்சார் ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டதும் அதுவே. அங்கே களப்புகளைச் சூழ்ந்த திறந்த புல்வெளிகளையும் முட்புதர்களையும் சீமைக்கருவேலும் நாகதாளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. கரைப் பறவைகள் இரைதேடுவதற்கும் பகையைத் தூரத்திலேயே கண்டுகொள்வதற்கும் வெட்டவெளி வேண்டும். கரை அடைபட்டால் பறவைக்கு அங்கே வேலையில்லை. பூங்காவுக்குள் மேய வரும் மாடுகளும் எருமைகளும் அதன் இனிப்பான காய்களைத் தின்றுவிட்டுச் சாணத்தோடு விதைகளை எங்கும் தூவிச் சென்றன. ஆட்களைக் கொண்டு மரங்களை அகற்றும் பணி அங்கே பல காலம் நடைபெற்றது. வெட்டிய இடத்தை மறுபடி மறுபடி கண்காணியாதவிடத்து அம்மரம் திரும்பிவிடும் என்பதே அந்தப் பணி காட்டிய பாடம். நாங்கள் எத்தாளையில் ஒன்றரை ஏக்கரிற் கண்டதை அவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரிற் கண்டிருக்கிறார்கள்.

மன்னாரிலும் நம் புத்தளக் கரையிலும் கதை அதுவே. இங்கே மாட்டோடு கழுதையும் சேர்ந்துகொள்கிறது. கற்பிட்டியிலும் மன்னாரிலும் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளுக்குக் கோடையில் வேறு தீனி ஏது? காயைத் தின்கின்றன. விதையின் மேலுறை கடினமானது. விலங்கின் வயிற்றைக் கடந்து வரும்போது அது சற்றே இளகி, முளைப்பதற்கு ஆயத்தமாகிறது. கூடவே எருவும் கிடைக்கிறது. இதனைவிடச் சிறந்த நாற்றுமேடையை எந்த விவசாயியும் அமைத்துவிட முடியாது.

அதன் வேரோ நீரைத் தேடி வெகு ஆழம் செல்லும். அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் ஒரு திறந்த சுரங்கத்தைத் தோண்டியபோது, 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இம்மரவகையின் வேரைக் கண்டதாக 1960-களின் ஆய்வேடுகள் கூறுகின்றன. உதிரும் இலைகள் மண்ணிற் கலக்கும் பொருள்களோ, அருகில் வேறு விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. வெட்டினால், நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள வேர்க்கழுத்தின் மொட்டுகளிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. இயந்திரம் எங்களை ஏமாற்றியதன் இரகசியம் இதுதான்: மேலே இருந்ததை வெட்டிற்று, கழுத்தை மண்ணுக்குள் விட்டது, மண்ணிற் கிடந்த விதைகளைக் கிளறிவிட்டது, நிழலையும் நீக்கிற்று. ஆக்கிரமிப்புச் செடி வேண்டுவது இவையனைத்தையுமே.

தமிழகத்தில் இது நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட மாவட்டங்களில் கண்மாய்களையும் வயல்களையும் சீமைக்கருவேல் மூடிவிட்டது என்ற முறைப்பாட்டின்மேல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை விரைந்து அகற்றுமாறு கட்டளையிட்டது. சில மாதங்களில், அதன் விளைவுகளை ஆராய வேண்டும் என்ற வாதம் எழுந்து அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இலங்கையிலும் 2016-இல் அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் தொடர்பான தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழக வழக்கில் எதிர்த் தரப்பு கூறியதையும் நாம் புறந்தள்ளலாகாது. அங்கே கரி சுட்டுப் பிழைக்கும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பில் எரிவதும் அடுப்பை எரியவைப்பதும் அந்த மரமே.

சீமைக்கருவேல் தனியாக வந்ததன்று. நாயுண்ணி என்று நாம் சொல்லும் பூஞ்செடி, 1826-ஆம் ஆண்டளவில் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக, அழகுக்காக இந்நாட்டுக்கு வந்தது. இன்று உடவளவையில் யானை மேயும் புல்வெளிகளை அது மூடிக்கொண்டிருக்கிறது. அதன் பழத்தைக் கொண்டைக்குருவி விரும்பித் தின்று, வேலிதோறும் விதைக்கிறது. மற்றொன்றைப் பற்றிச் சொல்ல எனக்குச் சிறிது வெட்கமுண்டு. நான் மாணவனாயிருந்த 1980-களில், மரநடுகை நாளன்று எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கன்றைக் கொடுத்தார்கள்: இப்பில் இப்பில். விரைவாக வளரும், ஆட்டுக்குத் தழையாகும், மண்ணை வளப்படுத்தும் என்றார்கள். மூன்றும் மெய். நான் நாட்டிய கன்றுக்கு நாள்தோறும் வாளியில் நீர் சுமந்து ஊற்றினேன். இப்போது எங்கள் பூங்கா நிலத்தில் நாங்கள் பிடுங்கி எறியும் செடிகளுள் அதுவும் ஒன்று. நம்மிடம் கன்றைத் தருபவரின் நல்லெண்ணம், கன்றின் குணத்துக்கு உத்தரவாதமாகாது.

இங்கே ஒரு விளக்கம் கூறுதல் அவசியம். அந்நியமானது எல்லாம் தீது என்பது என் கருத்தன்று. எங்கள் தோட்டங்களில் விளையும் மிளகாயும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை தோட்டக்காரன் நீரூற்றாவிட்டால் ஒரு மாதம் நில்லா. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து வணிகர் கொண்டுவந்தது என்பர். நூற்றாண்டுகளாக அது தன் இடத்தில் நிற்கிறதேயன்றி அயலிலுள்ள எதனையும் அழிக்கவில்லை. ஆகவே ஒரு செடியை அதன் பிறப்பைக் கொண்டன்றி நடத்தையைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மேலும், இந்தக் கரையில் ‘வந்தேறி’ என்ற சொல்லைப் பிள்ளைகள் முன்னிலையில் நான் எச்சரிக்கையாகவே வழங்குகிறேன். 1990-இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் வந்து புகலடைந்த மாவட்டம் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் பாடசாலை வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள். செடியைப் பற்றிய பேச்சு மனிதரைப் பற்றிய பேச்சாக ஒருபோதும் வழுவிவிடக் கூடாது என்பதில் நான் சிறிது கண்டிப்பானவன்.

ஆக்கிரமிப்புச் செடியை அடக்க ஒரு பூச்சியை ஏவிவிட முடியாதா என்று மாணவர் கேட்பதுண்டு. சிலவற்றுக்கு முடியும், அவ்வகையில் இலங்கைக்கு நெடிய வரலாறே உண்டு. நாகதாளி இனம் ஒன்றைச் சாயப்பூச்சியைக் கொண்டு அடக்கும் முயற்சி 1860-களிலேயே இங்கு நடந்தது. உலகின் முதன்மையான அத்தகைய முயற்சிகளுள் அதுவும் ஒன்று. நீர்நிலைகளை மூடிய சல்வீனியாவைத் தின்பதற்கு, அதன் தாயகமாகிய பிரேசிலுக்குரிய ஒரு சிறு கூன்வண்டு 1986-இல் இங்கு விடப்பட்டது. பல இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் விறகும் கரியும் தரும் சீமைக்கருவேலில் கைவைக்கப் பல நாடுகள் தயங்கின. தென்னாபிரிக்காவில் மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் துளைக்கும் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். எத்தாளையில் எங்களுக்கு வாய்த்த பூச்சி, ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளே.

இரண்டாம் முறை நாங்கள் நிலத்தை எட்டுத் துண்டாகப் பிரித்தோம். ஆண்டொன்றுக்கு இரண்டு துண்டு. அதற்குமேல் ஓர் அடியும் இல்லை. முதலில் காய் பழுக்கும் முன்னரே மரத்தின் கிளைகளை இறக்கினோம். பின்னர் அடிக்கட்டையைச் சுற்றி முழங்கை ஆழம் மணலைத் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, கட்டையை வெளியே எடுத்தோம். மணல் நிலமாதலின் தோண்டுவது எளிது. அந்த ஒரு வசதி எங்களுக்கு இருந்தது. நாயுண்ணிக்கும் ஏறக்குறைய அதே வழி. இந்தியாவின் கோர்பெட் தேசியப் பூங்காவில், தண்டும் வேரும் கூடும் இடத்துக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதாக வாசித்தேன். கவிழ்த்த செடி மண்ணைத் தொடாதபடியால் மீண்டும் வேரூன்ற வழியில்லை. நாங்களும் அவ்வாறே செய்கிறோம். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவது பிள்ளைகளின் பணி. வெள்ளிக்கிழமைகளில் அரை மணி நேரம். ஒரே காலையில் எழுநூறுக்கு மேற்பட்ட கன்றுகளை ஒரு வகுப்பு எண்ணிக் குவித்ததுண்டு. கணக்குப் பாடத்துக்கும் அது உதவிற்று.

வெட்டிய இடத்தை வெறிதே விடலாகாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். வெற்றிடம் முன்னிருந்தவனையே திரும்ப அழைக்கும். எங்கள் பகுதிக்குரிய எதனை நாட்டுவது என்று முதியோரைக் கேட்டோம். பூவரசு, புங்கை, நாவல், விளா, பாலை என்று அடுக்கினார்கள். பாலை வளர்வதைப் பார்க்க மூன்று தலைமுறை வேண்டும் என்று ஒருவர் சிரித்தார். ஆயினும் பாலைப்பழத்தின் சுவையைச் சொல்லும்போது அவர் முகமே மாறிற்று. நாலு பாலைக்கன்று நாட்டினோம். ஆவரசு தானே எளிதில் வந்தது. அதன் இலையில் முட்டையிடும் மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் அடுத்த ஆண்டே வந்துவிட்டன. கடற்பக்க மணலை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து நிறுத்துவதைப் பார்த்து, காற்று மணலை அள்ளும் மேட்டில் அவ்விரண்டையும் படரவிட்டோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை மாணவர்கள் ஒற்றுமைக்கு உதாரணமாகவே கட்டுரைகளில் எழுதி வந்தார்கள். கொடியைக் கையால் தொட்டது அப்போதுதான்.

சுதேச மரமாக இருந்தாற் போதும், எங்கும் நாட்டலாம் என்று எண்ணுவதும் தவறு. களப்போரத்தில் கண்டற் கன்றுகளை நாட்டிவிட வேண்டும் என்று எங்களுள் சிலர் ஆவலுற்றனர். அந்த ஆவலுக்குக் காரணமுண்டு. 1980-களிலும் 1990-களிலும் இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் மாவட்டத்தில் பெருமளவு கண்டற்காடு அழிந்தது. 2015-இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காப்பதாக அரசாங்கம் உலகறிய உறுதி கூறிற்று. அதற்கு முன்னரே, 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர், பல கரைகளிலும் கன்று நாட்டும் முயற்சிகள் நடந்திருந்தன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றின் கதியைக் கூறுகிறது. முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டயர் வரையே. ஆராய்ந்த 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. பொருந்தாத மட்டத்தில், பொருந்தாத இனத்தை நாட்டியதும், நாட்டியபின் கவனியாமல் விட்டதும் முக்கிய காரணங்கள். நீர் நாள்தோறும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கண்ணா நிற்குமிடம் வேறு, கண்டல் நிற்குமிடம் வேறு, தில்லை நிற்குமிடம் வேறு. இதை மீனவர் ஒருவர் எனக்குக் கரையில் நின்று காட்டினார். ஆகவே நாங்கள் அங்கே எதையும் நாட்டவில்லை. கரையிற் குவிந்திருந்த பொலித்தீனையும் பழைய வலைத்துண்டுகளையும் அகற்றி, ஆடு இறங்காமல் ஓலை வேலி ஒன்று கட்டினோம். மூன்றாம் ஆண்டில் கண்ணாக் கன்றுகள் தாமாகவே முளைத்தன.

வேலி கட்டியதால் மனத்தாங்கலும் வந்தது. ஆடு வளர்ப்போர் கோபங்கொண்டனர். அந்தப் பற்றையில் விறகு பொறுக்கியே அடுப்பெரித்த மூன்று வீட்டுப் பெண்கள் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததுதான் என்னை உறுத்திற்று. அதனால், வெட்டும் மரம் முழுவதும் முதலில் அவர்களுக்கே என்று தீர்மானித்தோம். காய்ந்த முட்கிளைகளை வேலிக்கு வைத்துக்கொண்டோம். எட்டுத் துண்டும் முடிந்தபின் அவர்கள் எங்கே விறகெடுப்பார்கள் என்ற கேள்வி இன்னமும் கூட்டத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வேலியோரத்தில் சீமை அகத்தி வளர்த்து வெட்டித் தரலாம் என்கிறார் ஒருவர். அதுவும் வெளிநாட்டுச் செடியன்றோ என்று கேட்கிறார் இன்னொருவர்.

வடகிழக்கு மூலையில் பெரிய சீமைக்கருவேல் ஒன்றை இன்னும் விட்டுவைத்திருக்கிறோம். நண்பகலில் அந்த நிலத்தில் நிழல் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். ஆட்டுக்காரரும், பாடசாலை விடும்வரை காத்திருக்கும் தாய்மாரும் அதன் கீழேயே அமர்கிறார்கள். பக்கத்தில் நாட்டிய புங்கை இப்போது ஆளுயரம் வந்திருக்கிறது. அது நிழல் தருமளவும் பெரிய மரம் நிற்கும். காய் உதிரும் மாதங்களில், ஆடுகள் வருவதற்கு முன்பாக, இரண்டு மாணவர்கள் முறைவைத்துச் சென்று அதன் அடியைக் கூட்டிக் காய்களைச் சாக்கில் அள்ளி வருகிறார்கள்.